குமுளிப் பக்கத்துக் காட்டு மைனா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில், வேலை மலை மேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது. தினமும் மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும் ஆள், பையில் பைனாகுலர் வேறு இருக்கும். அதனால் பறவை என்று எதைப் பார்த்தாலும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், அதிலும் பாதிக்கு மேல் மைனாவைப் பற்றிய கேள்விகள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

காட்டு மைனா என்பது எது? மலைக்காட்டில் பேசும் மைனா என்கிறார்களே, அதுவா?

இந்தக் கேள்விக்கு எங்கள் கடையிலேயே சண்டை நடந்திருக்கிறது. கம்பத்துக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே காட்டி "அந்தா போகுதுல்ல, காட்டு மைனா" என்றார். பக்கத்தில் இருந்த வண்டிப்பெரியாறு சேட்டன் "அது காட்டு மைனா அல்ல, காட்டு மைனா கறுப்பாக்கும்" என்றார். இரண்டு பேரும் சரி. தமிழில் காட்டு மைனா என்று நாம் சொல்வது சாம்பல் நிறத்தில் நெற்றியில் குஞ்சம் வைத்துக்கொண்டு ஊர் ஓரமாகத் திரியும் பறவை. மலையாளத்தில் அதே பெயர், உடம்பெல்லாம் பளபளவென்று கறுத்து, தலையின் பக்கவாட்டிலும் பிடரியிலும் மஞ்சள் தோல் தொங்கும் மலை மைனாவுக்குப் போய்விட்டது. நம் காட்டு மைனாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கின்னரி மைனா. தலைப்பாகையில் வைக்கும் அலங்காரத்தைக் கின்னரி என்பார்கள், அந்தக் குஞ்சத்தைப் பார்த்து வைத்த பெயர், நம்முடையதைவிடப் பொருத்தமானது என்று நான் நினைக்கிறேன். வெறும் காட்டில் மட்டும் இருக்கிற பறவையே இல்லை அது, பஸ் ஸ்டாண்டில் வடைத் துண்டு பொறுக்கும்.

இந்தப் பக்கம் முழுக்க நான் காட்டு மைனா என்று சொல்வது தமிழ்க் காட்டு மைனாவைத்தான். அறிவியல் பெயர் அக்ரிடோதெரஸ் ஃபஸ்கஸ். முதல் சொல்லுக்கு வெட்டுக்கிளி வேட்டையாடி என்று பொருள், இரண்டாவது மங்கலான கருநிறத்தைக் குறிக்கும்.

சாதாரண மைனாவையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கண்ணைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நாட்டு மைனாவுக்கு, அதாவது நாகணவாய்க்கு, கண்ணைச் சுற்றி இறகில்லாத மஞ்சள் தோல் இருக்கும், மஞ்சள் மை தீட்டியது மாதிரி. உடம்பு நல்ல பழுப்பு. காட்டு மைனாவுக்கு அந்த மஞ்சள் தோல் கிடையாது. உடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, தலை கறுப்பு, அலகு ஆரஞ்சு, அதன் அடிப்பக்கம் நீலம் கலந்த கருமை, அலகு தொடங்கும் இடத்தில் நெற்றி இறகுகள் குத்திட்டு நிற்கும். எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் வந்த பையன் மாதிரி. பறக்கும்போது இரண்டுக்குமே இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம். நம் தெற்கத்திக் காட்டு மைனாவின் கண்மணி வெளிர் நீலம் கலந்த சாம்பல், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாகவே தெரியும். வட இந்தியாவில் இதே பறவைக்கு மஞ்சள் கண். வேறு இனமோ என்று பயப்பட வேண்டாம், துணையினம் மட்டும்தான் வேறு. தக்காணப் பகுதியில் பணியாற்றிய சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1832இல் நம் பக்கத்துப் பறவையை விவரித்தார், அதனால்தான் துணையினத்தின் பெயர் மராட்டென்சிஸ். குமுளியில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மராட்டியப் பெயர்.

குஞ்சுப் பருவத்தில் குஞ்சம் சரியாக வளர்ந்திருக்காது, நிறமும் பழுப்படித்திருக்கும். ஜூன், ஜூலையில் "இது எந்த மைனா?" என்று எனக்கு வரும் போட்டோக்களில் நிறைய இந்தக் குட்டிப் பயல்கள்தான்.

ஆணா பெண்ணா?

பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி.

நம் பக்கம் மொத்தம் எத்தனை வகை மைனா இருக்கிறது?

நான் கண்ணால் பார்த்தவை ஆறு. நாட்டு மைனா, காட்டு மைனா, மலை மைனா. கீழே கம்பம், உத்தமபாளையம் பக்கம் தலையில் கறுப்புக் கொண்டை சீவிவிட்ட மாதிரி இருக்கும் கருந்தலை மைனா. மலையில் பூ மரங்களில் கூட்டமாக வரும் வெண்தலை மைனா, இது மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் ஓரத்தையும் விட்டு வேறெங்கும் கிடையாது. ஆறாவது சோளக்குருவி என்கிற ரோஜா நிற மைனா, மத்திய ஆசியப் பக்கமிருந்து பனிக்காலத்துக்கு வந்து போகும் விருந்தாளி.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு வேடிக்கை பார்க்கலாம். லோயர் கேம்ப்பில் கம்பியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நாட்டு மைனா. கொண்டை ஊசி வளைவுகள் தாண்டிக் காற்று குளிர ஆரம்பித்ததும் காட்டு மைனா கலந்து வரும். குமுளியில் இரண்டும் ஒரே குப்பைத் தொட்டியில் சாப்பிடும். தேக்கடிப் படகுத்துறைக்குப் போனால் காட்டு மைனாவின் கை ஓங்கிவிடும். கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்காது, ஆனால் மழை அதிகமான, மரம் அதிகமான பக்கம் காட்டு மைனா என்று வைத்துக்கொண்டால் அதிகம் தப்பாது.

மைனா என்பது தமிழ்ச் சொல்லா?

இல்லை, வடக்கிலிருந்து வந்தது. நம் பழைய சொற்கள் பூவை, நாகணவாய்ப்புள். கிளியும் பூவையும் என்று சேர்த்துச் சொல்வது இலக்கியத்தில் வழக்கம், இரண்டும் வீட்டில் வளர்த்துப் பேசப் பழக்கிய பறவைகள். மலையாளத்தில் நாட்டு மைனாவுக்கு மாடத்த என்று அழகான பெயர் ஒன்று இருக்கிறது, எங்கள் கடைக்கு வரும் வயதான அம்மச்சிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாட்டு மேல் ஏன் உட்கார்ந்திருக்கிறது?

உண்ணி பொறுக்குவதும் உண்டு. ஆனால் முக்கியமான காரணம் மாட்டின் கால். மாடு புல்லில் நடக்கும்போது வெட்டுக்கிளி, பூச்சி எல்லாம் துள்ளி வெளியே வரும், மைனா பின்னாலேயே நடந்து பிடித்துத் தின்னும். நடந்து என்று சொல்கிறேன், கவனியுங்கள். சிட்டுக்குருவி தத்தும், மைனா ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து ஆள் மாதிரி நடக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் உழவு நேரத்தில் டிராக்டர் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசையாகப் போவதும் இதே கணக்குத்தான். மாட்டு முதுகு அதற்கு ஒரு மேடை, அங்கிருந்து எந்தப் பக்கம் பூச்சி துள்ளுகிறது என்று பார்க்க வசதி.

பூச்சி தவிர வேறென்ன தின்னும்?

பழம், தானியம், உன்னிச்செடிப் பழம், நம் மிச்சம் மீதி எல்லாம். ஆனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது பூத்தேன் குடிப்பதை. ஜனவரி, பிப்ரவரியில் கல்யாண முருங்கை, அதாவது முள்ளுமுருங்கை, இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். இலவ மரமும் அந்த நேரம்தான். காட்டு மைனா பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடிக்கும்போது நெற்றிக் குஞ்சம் போய் மகரந்தத்தில் உரசும். அடுத்த பூவுக்குப் போகும்போது அதையும் கொண்டு போகும். பைனாகுலரில் பார்த்தால் குஞ்சத்தில் மஞ்சள் பொடி அப்பியிருப்பது நன்றாகத் தெரியும், பொட்டு வைத்த மாதிரி. அந்தக் குஞ்சம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான், மகரந்தம் சுமக்கும் பிரஷ்ஷாகவும் அது வேலை செய்கிறது.

இதில் ஒரு வருத்தமான கதையும் இருக்கிறது. இங்கே மிளகுக் கொடி ஏற்றுவதற்குத் தோட்டம் தோட்டமாக முள்ளுமுருங்கைதான் நட்டிருந்தார்கள். 2005 வாக்கில் ஒரு பொடிக் குளவி கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. அது முள்ளுமுருங்கையின் இளந்தண்டிலும் இலையிலும் முட்டையிட, இலையெல்லாம் முண்டு முண்டாக வீங்கிச் சுருண்டு, மரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கொடி சாய்ந்ததும் நிறைய பேர் சில்வர் ஓக்குக்கு மாறிவிட்டார்கள். விவசாயியைக் குறை சொல்ல முடியாது, கொடிக்கு ஒரு தூண் வேண்டும். ஆனால் பிப்ரவரியில் சிவப்பாக நின்ற சரிவுகள் பச்சையாகவே நிற்கின்றன. இப்போது முள்ளுமுருங்கை பூத்த மரம் ஒன்று கண்ணில் பட்டால் அதில் மைனாவும் வெண்தலையும் தேன்சிட்டும் அடித்துக்கொள்வதைப் பார்க்கலாம், பந்திக்கு இலை கம்மியாகப் போட்ட கல்யாண வீடு மாதிரி.

கூடு எங்கே கட்டும்?

பொந்தில். தானாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ பட்ட கிளையில் கஷ்டப்பட்டுக் குடைந்ததை அது விட்டுப் போன பிறகு எடுத்துக்கொள்ளும், சில சமயம் விடுவதற்கு முன்னாலேயே விரட்டிவிட்டும் எடுத்துக்கொள்ளும். தேக்கடி ஏரியில் தண்ணீருக்கு நடுவில் மொட்டையாக நிற்கிற பட்ட மரங்கள் 1895இல் முல்லைப்பெரியாறு அணை முடிந்து தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் உச்சியில் நீர்க்காகம், நடுவில் எங்காவது ஒரு காட்டு மைனா. கம்பத்து வயலுக்குத் தண்ணீர் தந்த அதே அணை மைனாவுக்கு உட்காரக் கட்டையும் தந்திருக்கிறது.

ஊருக்குள் என்றால் சுவர் ஓட்டை, ஓட்டுக் கூரை இடுக்கு, பாலத்தடி, மின்கம்பக் குழாய், எதுவும் சரி. இங்கே பிப்ரவரி தொடங்கி மழை பிடிக்கும் வரைக்கும்தான் முக்கியமான காலம், ஜூலை வரைகூட இழுக்கும். மூன்று முதல் ஆறு முட்டை, நல்ல நீலப்பச்சை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே கூடு கட்டி, அடைகாத்து, இரையும் கொடுக்கும். சுமார் இரண்டு வாரத்தில் பொரித்துவிடும்.

கூட்டில் பாம்புச் சட்டை வைக்குமாமே, உண்மையா?

உண்மை, நானே பார்த்தேன். எங்கள் கடை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பழைய கோடவுன். கட்டும்போது சாரம் நிறுத்திய ஓட்டைகளைப் பூசாமலே விட்டிருந்தார்கள். ஒரு வருஷம் பிப்ரவரி கடைசியில் ஒரு ஜோடி மேல் வரிசையில் மூன்றாவது ஓட்டையைப் பிடித்தது. காய்ந்த புல், வேர், கோழி இறகு, முறுக்குப் பாக்கெட்டின் பளபளப்புத் துண்டு, சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித்தாள் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. ஒரு நாள் காலை ஒன்று முழ நீளத்துக்கு ஏதோ வெள்ளையாகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. காற்றில் அது நெளிய, பறவையால் ஓட்டைக்குள் நுழைய முடியவில்லை, இரண்டு முறை விழுந்து மறுபடி எடுத்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன், செதில் செதிலாகப் பாம்புச் சட்டை. பாதி உள்ளே போனது, மீதி வெளியே நாக்கு மாதிரி தொங்கியது.

மார்ச்சில் கோடவுனுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அடிப்பதற்கு முன் ஓட்டைகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்துக்கொண்டே வந்தார்கள். உள்ளே குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. நான் கணக்கைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "கொத்தனார் அண்ணே, அந்த மூணாவது ஓட்டைய மட்டும் விட்டுருங்க" என்றேன். அவர் ஏணியில் நின்றபடியே, "நீங்க சொல்லணுமாம்மா? சட்டை தொங்குது, உள்ள பாம்பு கெடக்கும். யாரு கைய விடுவா?" என்றார். நான் ஒன்றும் திருத்தவில்லை. குஞ்சுகள் ஏப்ரலில் பறந்து போயின, ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

கூடு கொள்ளையடிக்கும் பிராணிகளை மிரட்டத்தான் பறவைகள் சட்டை வைக்கின்றன என்று ஒரு கருத்து உண்டு. எதற்காக வைத்ததோ, கொத்தனாரிடம் பலித்தது.

கீழே விழுந்த மைனாக் குஞ்சை என்ன செய்வது?

முதலில் இறகு இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்க இறகு வந்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி ஓடினால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். பூனை வரும் இடமென்றால் ஒரு கிளையிலோ மதில் மேலோ எடுத்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வீண் பயம். இறகே இல்லாத வெறும் குஞ்சு என்றால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வையுங்கள். தயவுசெய்து பால் ஊற்றாதீர்கள், வாயைத் திறந்து தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்துவிடும்.

பிடித்து வளர்க்கலாமா? நாக்கைச் சீவினால் பேசும் என்கிறார்களே?

இரண்டுக்கும் இல்லை. நாக்கு விஷயம் கொடுமை, பொய்யும்கூட. பறவைக்குக் குரல் வருவது நாக்கிலிருந்து இல்லை, மூச்சுக்குழாய் அடியில் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் உறுப்பிலிருந்து. நாக்கை வெட்டினால் தீனி எடுக்க முடியாமல் கிடக்கும், அவ்வளவுதான். பேச்சுக்குப் பெயர் போனது மலை மைனா. காட்டில் இருக்கும்போது அது மற்றப் பறவைகளைப்போல் கத்திக்காட்டிக்கொண்டு திரிவதில்லை, தன் பக்கத்து மலை மைனாக்களிடமிருந்து கூவல்களைக் கற்றுக்கொள்ளும். கூண்டில் தனியாக அடைத்துவிட்டால் கேட்க வேறு குரல் இல்லாமல் நம் குரலைக் கற்றுக்கொள்கிறது. எனக்கு அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. காட்டு மைனாவும் கூண்டில் ஓரிரு சத்தம் பழகும், மலை மைனா அளவுக்கு வராது. எப்படியிருந்தாலும் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திராட்சைத் தோட்டத்தில் மைனா தொல்லை தாங்கவில்லை, என்ன செய்ய?

கம்பத்திலிருந்து வரும் கேள்வி, நியாயமான கேள்வி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர்த் திராட்சையை மைனா ஒரு கொத்தில் நாலு கொத்திவிட்டுப் போனால் மீதியில் எறும்பும் ஈயும் ஏறிவிடும். வலை போடுவதுதான் உருப்படியான வழி. என் சித்தப்பா பழைய கேசட் நாடாவைப் பந்தல் மேல் முறுக்கிக் கட்டிவிடுவார், காற்றில் ஊ என்று ஒரு சத்தம் வரும், பளபளக்கவும் செய்யும். ஒரு வாரம் பயப்படும், அப்புறம் அதன் மேலேயே உட்காரும். மருந்து வைக்காதீர்கள். பழம் இல்லாத மாதங்களில் அதே மைனாதான் புழுவைத் தின்றுகொண்டிருக்கிறது, அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

வெளிநாட்டில் மைனாவைக் கொல்கிறார்களாமே?

சில இடங்களில், ஆமாம். தப்பு மைனாவுடையது இல்லை, கூட்டிப் போனவர்களுடையது. பூச்சி தின்னும் என்று நாட்டு மைனாவை மொரீஷியஸுக்கும், 1862இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கும் கொண்டு போய் விட்டார்கள். அது பெருகி உள்ளூர்ப் பறவைகளின் பொந்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. 2000இல் வெளியான உலகின் மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று பறவைகளில் நாட்டு மைனாவும் ஒன்று. காட்டு மைனாவை 1890 வாக்கில் ஃபிஜித் தீவுக்குக் கரும்புப் பூச்சி தின்னக் கொண்டு போனார்கள். தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியது 1903இல்தான். கரும்புக் காட்டில் இறங்கிய தமிழர்களுக்குத் தெரிந்த முகமாக முன்னாலேயே போய்க் காத்திருந்தது ஒரு மைனா என்று நினைத்துக்கொள்வேன்.

தலை மொட்டையான மைனா பார்த்தேன், நோயா?

இறகு உதிர்க்கும் காலத்தில் சிலவற்றுக்குத் தலை இறகு மொத்தமாகக் கொட்டிவிடும், செள்ளுப்பூச்சியும் காரணமாகலாம். நாட்டு மைனா என்றால் உள்ளே மஞ்சள் தோல் தெரிந்து குட்டிக் கழுகு மாதிரி பயமுறுத்தும். மறுபடி முளைத்துவிடும்.

ஒற்றை மைனா பார்த்தால் துக்கம், இரட்டை மைனா பார்த்தால் சந்தோஷம், உண்மையா?

பள்ளிக்கூடத்தில் நானும் ஒற்றையைப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தேடி அலைந்தவள்தான். அது இங்கிலாந்தில் மாக்பை என்ற வேறு பறவையைப் பற்றிய பாட்டு, இங்கே வந்து மைனா தலையில் விழுந்துவிட்டது. மார்ச் மாதம் ஒற்றை மைனா தெரிந்தால் அநேகமாக மற்றது பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

காலை ஆறரைக்கு, ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் குமுளிக்குள் வரும் நேரம், டீக்கடைகளுக்குப் பின்னால் வாருங்கள். மாலையில் என்றால் ஐந்தரைக்கு மேல் மூங்கில் புதர் இருக்கும் பக்கம், எல்லா மைனாவும் கலந்து அடைய வரும், இருட்டும்வரை இடத்துக்குச் சண்டை. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பத்தடி தூரத்தில் வந்து நிற்கும். மஞ்சள் தோல் இல்லாத வெள்ளைக் கண்ணைத் தேடுங்கள். வடையைப் பிய்த்துப் போடாதீர்கள், அப்புறம் என் கடை ஜன்னலுக்கு வந்து கேட்கிறது.